சங்கத்தில் சேர்ந்ததும் இடமாற்றம்!

கேள்வி: தொழிற்சங்கத்தில் சேர்ந்த பத்தாம் நாளே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். 'வேலை சரியில்லை' என்கிறார் மேலாளர். இது பழிவாங்கல் என்பதை எப்படி நிரூபிப்பது?

பதில்: சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதோ, வேறு வகையில் பாதிப்புக்கு உள்ளாக்குவதோ கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98-வது உடன்படிக்கை (1949). ஆனால், எந்த நிர்வாகமும் உண்மையான காரணத்தை எழுத்தில் தராது. எனவே, தேதிகள்தான் உங்கள் சாட்சி. உறுப்பினரான நாள், அது மேலாளருக்குத் தெரிந்த நாள், மாற்றல் உத்தரவு வந்த நாள் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். நிர்வாகத்துக்கு விஷயம் தெரியும் என்பதைக் காட்ட முடியாமல்தான் பல வழக்குகள் தோற்கின்றன. சந்தா ரசீது, முந்தைய பாராட்டுக் கடிதங்கள், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம். அதே குறையுள்ள, சங்கத்தில் சேராத சக ஊழியர் மாற்றப்படவில்லை என்றால், அது வலுவான ஆதாரம்.

மாற்றலுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து போடவே போடாதீர்கள். வேலை நேரத்தில், அனுமதியின்றிச் சங்க வேலை பார்க்காதீர்கள். அந்த உடன்படிக்கையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. புகாருக்குக் காலக்கெடு உண்டு, சங்க நிர்வாகியை இந்த வாரமே பாருங்கள்.