மிச்சப் பாக்கெட்டில்தான் வண்டு வளர்கிறது

கேள்வி: புது வீட்டுச் சமையலறைக்கு ஒரே அளவில் 24 டப்பாக்கள் வாங்கி, பெயர் ஒட்டி அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவில் வண்டு வருகிறது, மசாலாப் பொடி கட்டி தட்டுகிறது, அவசரத்துக்கு எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஒரே அளவு டப்பாதான் முதல் சிக்கல். ஒரு கிலோ அரிசியோ சர்க்கரையோ சுமார் ஒன்றேகால் லிட்டர் இடம் பிடிக்கும். அதே ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய 1.8 லிட்டர் வேண்டும். உங்கள் டப்பா ஒன்றரை லிட்டர் என்றால் அரிசி அடங்கிவிடும், மாவில் 150 கிராம் போல மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பாக்கெட்டோடு சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு மூலையில் வைத்திருப்பீர்கள். வண்டு பெருகுவது அங்கேதான். மாவுக்கு மட்டும் 2 லிட்டர் டப்பா வையுங்கள், அள்ளும் கரண்டிக்கும் இடம் இருக்கும். முழுப் பாக்கெட்டும் ஒரே டப்பாவில் அடங்க வேண்டும். டப்பா வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

வண்டு எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. அரிசி வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையையும் அடைத்துவிடும். மாவு வண்டின் முட்டையோ மாவு ஒட்டிக்கொண்டு மாவோடு மாவாகக் கிடக்கும். இரண்டுமே கண்ணில் படாது. புதுப் பாக்கெட்டைப் பிரிக்காமல், காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த மாவில் காற்றின் ஈரம் படிந்து கட்டியாகிவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை, பல மணி நேரம், அப்படியே விடுங்கள்.

பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அடியில் இருப்பது மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். டப்பா காலியான பிறகு கழுவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்து, அதன் பிறகே நிரப்புங்கள். பிரித்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி அடியில் ஒட்டுங்கள். அலமாரியின் ஆணித் துளைகளிலும் மூலைகளிலும் சிந்திய மாவைத் துடைக்காமல் விட்டால் இத்தனையும் வீண்.

பொடி கட்டி தட்டக் காரணம் ஆவி. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டும்போது, பொடி கீழே விழ, ஆவி மேலே ஏறி உள்ளே போகும். காய்ந்த கரண்டியால் முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மசாலா அடுக்கு இருந்தால் அதை இடம் மாற்றியே ஆக வேண்டும். சூட்டில் மணமும் போய்விடும். எண்ணெய்க்கும் இதே கதிதான். பெரிய பாட்டிலை இருட்டான அலமாரியில் வையுங்கள். அடுப்பருகே ஒரு வாரத்துக்கான சின்ன பாட்டில் போதும். அதைக் கழுவிக் காயவைக்காமல் திரும்ப நிரப்பினால், அடியில் தங்கிய பழைய எண்ணெயின் சிக்கு வாடை புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும்.

அடுத்து, கைக்கு எட்டாத பிரச்சினை. ஒரு வேளை சமைக்கும்போது வீட்டில் யாரையாவது நிறுத்தி, எதை எடுக்க எத்தனை முறை நடந்தீர்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். எதற்காக அதிகம் நடந்தீர்களோ அதை மட்டும் இடம் மாற்றுங்கள். உப்பு, எண்ணெய், கரண்டி, இடுக்கி, மூடி எல்லாம் அடுப்பிலிருந்து ஓரெட்டு வைக்காமல் எட்ட வேண்டும். கத்தி, பலகை, கிண்ணம், குப்பைக்கூடை வெட்டும் இடத்தில் இருக்கட்டும். தினமும் தொடுவது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டில், கனமானது கீழே, எப்போதாவது எடுப்பது மேலே. ஆழமான அலமாரியில் டப்பாக்களை ஒரு தட்டில் வைத்தால், தட்டோடு வெளியே இழுக்கலாம்.

இவ்வளவும் ஆன பிறகு, இல்லாததை வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, 20 செ.மீ. அலகுள்ள ஒரு நல்ல கத்தி, சின்ன வேலைக்கு இன்னொன்று, மரப் பலகையோ பிளாஸ்டிக் பலகையோ ஒன்று. கண்ணாடிப் பலகை வேண்டவே வேண்டாம், கத்தி சீக்கிரமே மழுங்கிவிடும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. கத்தியை இழுப்பறையில் மற்ற சாமான்களோடு போடாதீர்கள், முனையும் போகும், விரலும் போகும். நான்ஸ்டிக் சட்டிகளை அடுக்கும்போது நடுவே ஒரு துணி வையுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கென்று ஒரு தெர்மாமீட்டரும் அவசியம். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலை பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். திறந்து மூடும் கதவுப் பக்கம் இன்னும் சூடாகவே இருக்கும், பாலை அங்கே வைக்காதீர்கள்.