எலிக்குப் புள்ளி வைக்கும் மகள்

கேள்வி: மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எலிப் படத்தில் மூக்கு, காது, வால் என்று புள்ளி வைக்கிறாள். கேட்டால், "மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்மா" என்கிறாள். எங்கள் கொலுசுப் பட்டறைப் பையன்கள்கூட ராத்திரி ஒன்பது மணிக்கு வேலையை விட்டு எழுந்துவிடுவார்கள். மெஷின் செய்கிற வேலைக்கு இவள் எதற்கு?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அந்த 'மீதி' எவ்வளவு தெரியுமா அம்மா? கேமரா நொடிக்கு 30 படம் எடுத்தால் பத்து நிமிட வீடியோவில் 18,000 படம். அவள் புள்ளி வைப்பது ஏறக்குறைய 200-க்கு இருக்கலாம். 2018-ல் வந்த டீப்லேப்கட் என்ற இலவச மென்பொருளுக்கு அவ்வளவே பெரும்பாலும் போதும். அவற்றைப் பார்த்துக் கற்று, மீதிப் படங்களில் தானே புள்ளி வைத்து எலி எப்படி அசைகிறது என்று காட்டிவிடும். அது ஏற்கெனவே லட்சக்கணக்கான பொதுப் படங்களில் பழகிய நியூரல் நெட்வொர்க்கை, அதாவது படங்களைப் பார்த்துக் கற்கும் கம்ப்யூட்டர் நிரலை வைத்து வேலை செய்கிறது. எலியின் உடம்பில் சாயமோ ஸ்டிக்கரோ ஒட்ட வேண்டியதில்லை. இருட்டில் ஓடுகிற பிராணி என்பதால் அகச்சிவப்பு விளக்கில் படம் எடுப்பார்கள்; அந்த வெளிச்சம் எலிக்குத் தெரியாது.

நான் எம்.ஃபில். செய்தபோது மரப்பெட்டித் தரையில் கட்டம் போட்டு, எலி எத்தனை கோடு தாண்டுகிறது என்று பென்சிலால் குறிப்போம். ஒரே எலி, அதே ஐந்து நிமிடம். எனக்கு 43, தோழிக்கு 51. முன்னங்கால் மட்டும் தாண்டினால் கணக்கா, நாலு காலும் தாண்டணுமா என்று நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் எலி மூலையில் தூங்கிவிட்டது.

கம்ப்யூட்டர் சண்டை போடாது. சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் செய்யும், தப்பையும் சேர்த்து. ஒரு படத்தில் காது நுனியிலும் இன்னொன்றில் காதின் அடியிலும் உங்கள் மகள் புள்ளி வைத்தால், 18,000 படத்திலும் அந்தக் காது ஆடிக்கொண்டே இருக்கும். அச்சு கோணினால் கொலுசு என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? புள்ளி வைக்கும் படங்களையும் அடுத்தடுத்ததாக எடுக்காமல் ஓடுவது, திரும்புவது, நிமிர்வது என்று விதவிதமாகப் பொறுக்கணும். இரண்டு எலி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எது எதுவென்று மென்பொருள் குழம்பிப் பெயரை மாற்றிவிடும். அதை மறுபடி பார்த்துச் சரிசெய்யவும் ஆள் வேண்டும்.

இன்று ராத்திரி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எலி பின்னங்காலில் குந்தி முகம் கழுவும் படத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முன்னங்கால் மறைக்கும்போது மூக்கு எங்கே என்று இருவரும் தனித்தனியே விரல் வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.