சீனக் கடனைக் கட்டாவிட்டால் துறைமுகம் போய்விடுமா?

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் போல, கடன் கட்டாத நாட்டின் சொத்தைச் சீனா எழுதி வாங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ காணொளி பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்பாந்தோட்டையில் அப்படி நடக்கவில்லை.

துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 2007-இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி 6.3% வட்டிக்கு 30.7 கோடி டாலர் கொடுத்தது. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்காக ஒரு சீன நிறுவனம் கொடுத்தது 112 கோடி டாலர். அந்தப் பணம் எக்சிம் கடனை அடைக்கவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. அப்போது இலங்கையின் கழுத்தை நெரித்தவை சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள். துறைமுகம் குத்தகைக்குப் போன பிறகும் அதைக் கட்ட வாங்கிய கடன் இலங்கை அரசின் தலையில்தான் இருந்தது.

சீன ஆதரவாளன் என்று முத்திரை குத்துமுன் மீதியையும் படித்துவிடுங்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை, அது வேறு இடத்தில் இருக்கிறது என்கிறேன்.

கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் கென்யா அதற்குச் சீனாவிடம் வாங்கியது இரண்டு கடன். ஒன்று சுமார் 160 கோடி டாலர், நிலையான 2% வட்டி. மற்றொன்றும் ஏறக்குறைய அதே தொகைதான், ஆனால் வட்டி லைபார் விகிதத்துக்கு (வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியை ஒட்டி ஏறி இறங்கிய லண்டன் விகிதம்) மேல் 3.6%. கையெழுத்தானபோது லைபார் 1 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது. 2023-இல் 5 சதவீதத்தைத் தாண்டியது. மேடையில் பேசுவதற்கு 2% போதும், கஜானாவைக் கரைத்தது இரண்டாவது கடன். ரயில் சம்பாதித்தது உள்நாட்டு நாணயமான ஷில்லிங்கில், தவணை கட்ட வேண்டியிருந்தது டாலரில் என்பது அதற்கு மேல்.

வட்டியைவிட முக்கியம், தவணைக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்ற ஒப்பந்தப் பிரிவு. கென்யாவில் துறைமுக ஆணையம் ரயிலுக்கு இவ்வளவு சரக்கு தருவதாக உத்தரவாதம் கொடுத்திருந்தது. சரக்கு குறைந்தாலும் பணம் வைத்தாக வேண்டும். அதனால்தான் 2019-இல் கன்டெய்னர்களை ரயிலில்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள், லாரிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். தகராறு வந்தால் சீனச் சட்டம், பெய்ஜிங்கில் நடுவர் மன்றம். இந்தப் பிரிவுகள் மக்கள் கண்ணில் பட்டது 2022 நவம்பரில்தான்.

பொருளையும் அவர்களிடமே வாங்கச் சொல்கிறார்களே என்றால், சீனச் சலுகைக் கடனில் குறைந்தது பாதி சீனாவிலிருந்து வர வேண்டும் என்பது வழக்கம். இந்தியா பிற நாடுகளுக்கு ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளக் கொடுக்கும் கடனில் (கடன் வரிசை) பொதுவாக 75% இந்தியச் சரக்கும் சேவையும். இந்த விஷயத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை.

உண்மையில் நாடுகள் இழப்பது காலத்தை. கடன் கொடுத்த அரசுகள் கூடித் தவணையை மாற்றிப் பேசும் பாரிஸ் கிளப்பில் சீனா உறுப்பினர் இல்லை, அதனால் பேச்சு இழுக்கிறது. 2020 நவம்பரில் தவணை தவறிய ஜாம்பியா, சீனா உள்ளிட்ட கடன் கொடுத்த அரசுகளோடு கொள்கையளவில் உடன்படவே 2023 ஜூன் ஆனது.