பொட்டலம் கட்டும் தோழிகள்

வணக்கம் சார்,

கணவர் போன பிறகு நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதப் பாட்டி தங்கள் பெண்கள் குழுவுக்கு என்னை அழைத்துப்போனார். ஏழைகளுக்கு உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டே ஓயாமல் பேசுகிறார்கள். முடிந்ததும் மாஜாங் என்ற சீனக் கட்டை ஆட்டம் ஆடுகிறார்கள். ஐம்பது வருஷத் தோழிகளாம்! இந்த வயதில் எனக்கு அப்படி நட்பு கிடைக்குமா? அடுத்த புதன்கிழமையும் கூப்பிட்டிருக்கிறார். பலகாரம் செய்து கொண்டுபோகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வணக்கம் அம்மா,

கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். நட்பு தேடி அவர்கள் அங்கே கூடியிருக்க மாட்டார்கள். கட்டப் பொட்டலம் இருந்தது, வந்தார்கள். பேச்சு அதோடு வந்திருக்கும்.

அமெரிக்க யூதப் பெண்கள் சங்கங்கள் பலவும் இப்படித்தான் வளர்ந்தன. 1893இல் சிகாகோவில், நம் விவேகானந்தர் பேசிய அதே சர்வசமயப் பேரவையில், யூத ஆண்கள் தங்கள் மேடையில் பெண்களுக்கு இடம் தரவில்லை. வந்தவர்களை உபசரிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான ஹன்னா சாலமன் அதற்கு ஒப்பவில்லை. பெண்கள் தனி மாநாடே நடத்தி, அதன் முடிவில் யூதப் பெண்களின் தேசியப் பேரவையைத் தொடங்கினார்கள். பின்னாளில், குடியேறிகள் வந்திறங்கும் நியூயார்க் எல்லிஸ் தீவில் துணையின்றிக் கப்பலிறங்கிய இளம்பெண்களிடம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பேசி, பெண்களை விற்கும் தரகர்களிடம் சிக்காமல் காத்தது இந்தப் பேரவைதான்.

உங்கள் கடிதம் எனக்கு அதிகம் நினைவூட்டியது ஹென்ரியெட்டா சோல்டை. பால்டிமோரில் ஒரு ரபியின் (யூத மதகுருவின்) மகள். தன்னைவிட 13 வயது இளைய அறிஞர் லூயி கின்ஸ்பர்க் மீது காதல். கின்ஸ்பர்க் ஜெர்மனில் எழுதியதை சோல்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1908இல் ஐரோப்பா போன கின்ஸ்பர்க், வேறொரு பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு திரும்பினார். சோல்டுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. நொறுங்கிப்போனார். மறுவருஷம் அம்மாவோடு பாலஸ்தீனம் போனபோது, கண்நோயால் பார்வை மங்கிய குழந்தைகளைப் பார்த்தார்கள். "உன் வாசிப்பு வட்டம் இதற்கு ஏதாவது செய்யட்டும்" என்கிற மாதிரி அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். படிக்கவும் பேசவும் மட்டுமே கூடிவந்த அந்த வட்டத்துப் பெண்களுக்கு அப்புறம் கைநிறைய வேலை. 1912இல் ஹதாசா என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. 1913இல் இரண்டு செவிலியர்கள் எருசலேம் போனார்கள். இன்று அங்கே பெரிய மருத்துவமனையே இருக்கிறது. சோல்ட் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

(ஹதாசா, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனிச அமைப்பு. அந்த அரசியலில் எனக்குச் சண்டை உண்டு. சோல்டே முதுமையில், யூதரும் அரபியரும் சம உரிமையோடு வாழும் ஒரே நாடு வேண்டும் என்றவர்களோடு நின்றார். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

மாஜாங்கையும் சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1937இல் நியூயார்க் யூதப் பெண்கள் அதற்கென ஒரு சங்கம் வைத்தார்கள். வருஷாவருஷம் புது ஆட்ட அட்டை அச்சிட்டு விற்று, அதில் வரும் பணத்தில் தர்மமும் செய்கிறார்கள். கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பலகாரம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பார்க்கிறவர்கள் என்றால் நம் வீட்டுச் சமையலைச் சாப்பிட மாட்டார்கள், மறுக்கவும் சங்கடப்படுவார்கள். பாட்டியிடம் கேட்டுவிட்டு, நறுக்காத பழமாக வாங்கிப் போங்கள். போனதும் உட்காராமல், "எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிடுங்கள்.