டிபிஐ இருக்கட்டும், கருப்பு எப்படி?

கேள்வி: திருமங்கலத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கிறேன். ஆட்டோ ஸ்டார்ட்டரின் சர்க்யூட் போர்டை, ட்ரை ஃபிலிம் (வெளிச்சம் பட்டால் இறுகும் மெல்லிய படலம்) ஒட்டி நானே செய்தேன். அதன்மேல் வைக்கும் மாஸ்க்கை, அதாவது வெளிச்சம் படக்கூடாத இடங்களைக் கருப்பால் மறைக்கும் படத்தை, ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரிண்ட் எடுத்தேன். கருப்பு மறைத்த இடத்திலும் ஃபிலிம் சரியாகக் கரையவில்லை. மின்சாரம் போகும் செம்புத் தடங்களுக்கு நடுவே செம்புப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. எந்த பிரிண்டர், எந்த இங்க் வாங்கலாம்?

பதில்: ட்ரை ஃபிலிமில் யுவி (புற ஊதா) வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் சலவை சோடாக் கரைசலில் கரையும். லேசர் டோனர் என்பது பொடி. உருகி ஒட்டிய பிறகும் ஊசி முனை அளவு ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாகப் போன வெளிச்சம் ஃபிலிமை அங்கங்கே இறுக்கிவிடுகிறது; அதற்கு அடியில் அரிக்கப்படாமல் நிற்பதுதான் உங்கள் செம்புப் புள்ளிகள். இப்போதைக்கு ஒரே பிரிண்ட்டை இரண்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் ஒட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

புதிதாக வாங்குவதென்றால் நான் இங்க்ஜெட்தான் சொல்வேன். டிபிஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் அச்சாகும்) கணக்குக்கு மயங்க வேண்டாம். 600 டிபிஐ-யிலேயே 0.25 மி.மீ. தடத்தின் அகலத்துக்கு ஆறு புள்ளிகள் கிடைக்கும். கேட்க வேண்டியது கருப்பு மை பிக்மென்ட்டா (கரையாத நுண்பொடி), டையா (கரைந்த சாயம்) என்பதை. டை மை கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரிந்தாலும் யுவியைக் கசியவிடலாம். பிக்மென்ட் கருப்பில் இருப்பது கரி. அது யுவியையும் விழுங்கும். கேனன் ஜி வரிசையின் ஜி2000, ஜி3000 போன்றவற்றில் கருப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போட்டோ பேப்பர் என்று செட்டிங் வைத்தால், பல பிரிண்டர்கள் பிக்மென்ட்டைத் தொடாமல் வண்ணங்களைக் கலந்து கருப்பு போட்டுவிடும். பிளெயின் பேப்பர், ஹை குவாலிட்டி என்று வையுங்கள்.

ஷீட்டும் இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும். மதுரையில் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அச்சடிப்பவர்களுக்கும் இதே கரிய கருப்புதான் தேவை. அந்த ஷீட்டை மட்டும் லேசர் பிரிண்டரில் விட்டுவிடாதீர்கள், சூட்டில் உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சடித்து, மை உள்ள பக்கம் போர்டில் படும்படி வையுங்கள். மை மேலே இருந்தால் ஷீட்டின் கனத்துக்குள் வெளிச்சம் பரவி, விளிம்பு மங்கும்.

பணம் கொடுக்கும் முன், அதே பிரிண்டர் வைத்திருப்பவரிடம் ஒரு கருப்புக் கட்டம் அச்சடித்து வாங்குங்கள். அதை ட்ரை ஃபிலிம் துண்டின்மேல் வைத்து, வழக்கமான நேரத்தைவிட மூன்று மடங்கு யுவி காட்டிக் கழுவுங்கள். கட்டத்துக்கு அடியில் செம்பு பளிச்சென்று தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம்.