அரசு அதிகாரி அமர்த்திய வெளி வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வேண்டியது யார்?

அரசுக்கென்று வழக்கறிஞர்கள் இருக்கும்போது, ஓர் அதிகாரியோ அமைச்சரோ வெளியிலிருந்து ஒருவரை அமர்த்திக்கொண்டால் அவருடைய கட்டணத்தை அரசு கொடுத்தே ஆக வேண்டுமா, மறுத்தால் அந்த வழக்கறிஞருக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கட்டணப் பட்டியல்களைச் சரிபார்க்கும் இருக்கையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கறிஞர் உழைத்தார், ஆஜரானார் என்பது மட்டும் அரசைக் கட்டுப்படுத்தாது. அமர்த்தியவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, நடந்தது அரசின் வழக்கா அல்லது அவருடைய சொந்த வழக்கா என்ற இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் தொகை அதிகமா குறைவா என்ற பேச்சுக்கே இடம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தொகையைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். கோப்போ பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.

கட்டணப் பட்டியல் ஒன்று வந்ததும் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் இது புரியும். முதல் தாளில் ஆஜரான நாள்கள், கலந்தாலோசனை, மனு வரைவு, எழுத்தர் கட்டணம் ஆகியவை வரிசையாக இருக்கும். அடியில் நீதிமன்ற உத்தரவுகளின் நகல்கள் இணைக்கப்பட்டிருக்கும். சரிபார்ப்பவர் அவற்றை முதலில் பார்ப்பதில்லை. அவர் தேடுவது நியமன ஆணையின் எண்ணையும் தேதியையும். ஆணையின் தேதி முதல் ஆஜருக்குப் பிந்தியதாக இருந்தால், அல்லது ஆணையே இல்லாமல் ‘தொலைபேசியில் அறிவுறுத்தியபடி’ என்று மட்டும் இருந்தால், கோப்பு பின்னேற்புக்காக, அதாவது நடந்துவிட்டதற்குப் பின்தேதியில் ஒப்புதல் பெற, மேலே போகும். அது திரும்பி வருவதற்குள் அமர்த்திய அதிகாரி மாறுதலில் போயிருப்பார். அவருக்குப் பின் வந்தவர் தான் எடுக்காத முடிவுக்குக் கையெழுத்திட்டு நாளைக்குத் தணிக்கைத் தடைக்குப் பதில் சொல்ல விரும்ப மாட்டார். ‘முன்னவர் எந்த விதியின் கீழ் அமர்த்தினார் என்று தெளிவுபடுத்துக’ என்று ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், பணமும் வந்திருக்காது.

அந்த அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் சட்டம் அவர் பக்கமே சாய்கிறது. இந்திய அரசமைப்பின் 299-ஆவது பிரிவின்படி அரசின் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அதற்கென அதிகாரம் பெற்றவரால் நிறைவேற்றப்பட வேண்டும்; வாய்மொழியாக ‘நீங்கள் பாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னதை ஒப்பந்தம் என்று காட்டுவது கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் மெரில் வழக்கில் இன்னும் கறாராகப் பேசியது. அரசின் பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் உள்ளூர் முகவர்கள் ஐடஹோ விவசாயிகளிடம் அவர்களுடைய கோதுமைக்குக் காப்பீடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். விதிகளின்படி உண்மையில் இல்லை. அரசின் சார்பில் பேசுகிறவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று தெரிந்துகொள்வது அவரிடம் போகிறவரின் பொறுப்பு என்று சொல்லி, பயிரை இழந்த விவசாயிகளின் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளிவிட்டது. விவசாயிக்கே இந்தக் கதி என்றால், சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எங்கே இடம்?

இந்தியச் சட்டம் சற்று இரக்கமானது. மேற்கு வங்க அரசின் அதிகாரிகள் முறையான ஒப்பந்தம் இல்லாமலே பி. கே. மண்டல் நிறுவனத்தைக் கொண்டு கட்டுமானங்களை முடித்துக்கொண்ட வழக்கில், ஒப்பந்தம் செல்லாது என்றாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்யப்பட்ட வேலையின் பயனை அரசு ஏற்று அனுபவித்திருப்பதால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின் கீழ் ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்களும் இந்த வாதத்தைக் கையில் எடுக்கலாம். ஆனால் கட்டடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தோற்றுப்போன வழக்கில் அரசு அனுபவித்த பயன் எது என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதைத் தாண்டினாலும் கிடைக்கக்கூடியது நியாயமான ஈடுதானே தவிர, பேசிய கட்டணம் அல்ல. ஒரு நாள் ஆஜருக்குப் பல லட்சம் கேட்கும் மூத்த வழக்கறிஞருக்கும், அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு வாதாடுகிறவருக்கும் நடுவே ‘நியாயம்’ எங்கே நிற்கும் என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வியான ‘யாருடைய வழக்கு’ என்பதற்கு அண்மைக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டெல்லியில் நடந்தது. டெல்லி கிரிக்கெட் சங்க விவகாரத்தில் அப்போதைய டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால் சொன்னவற்றுக்காக அப்போதைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2015 டிசம்பரில் அவதூறு வழக்குத் தொடுத்தார். முதலமைச்சருக்காக மூத்த வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி வாதாடினார். மூன்று கோடி ரூபாயைத் தாண்டிய அவருடைய கட்டணப் பட்டியல் டெல்லி அரசிடம் வந்திருப்பது 2017-இல் வெளியே தெரிந்ததும், துணைநிலை ஆளுநர் சட்டக் கருத்துக் கேட்டார்; எதிர்க்கட்சிகள் பொதுப் பணத்தில் சொந்த வழக்கா என்று கேட்டன; அரசு தரப்போ அவர் முதலமைச்சர் என்ற பொறுப்பில் பேசியதால் வந்த வழக்கு இது என்றது. பணம் தராவிட்டால் அவரை ஏழைக் கட்சிக்காரராகக் கருதி இலவசமாக வாதாடுவேன் என்று ஜெத்மலானி சொன்னது அந்த நேரத்தில் பெரிய செய்தியாக ஓடியது. கடைசியில் 2018-இல் கெஜ்ரிவால் மன்னிப்புக் கேட்டதோடு வழக்கு முடிந்தது.

என்னைக் கேட்டால், பதவியில் இருப்பவர் பேசினார் என்பது போதாது. பதவியின் கடமையைச் செய்யும்போது அந்தப் பேச்சோ செயலோ தேவைப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றிய வருவாய்த் துறை அதிகாரி மீது அவர் பெயரிலேயே ஒருவர் வழக்குப் போட்டால், அதை அரசு நடத்தியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் நாளைக்கு எந்த அதிகாரியும் துணிந்து கையெழுத்திட மாட்டார். அரசியல் மேடையில் எழுந்த அவதூறு வழக்கு அந்த வகையில் சேராது என்பது என் கருத்து. இதற்கு மாற்றுக் கருத்து உண்டு, அது முற்றிலும் வலுவற்றது என்றும் சொல்ல மாட்டேன்.

வெளியாளை அமர்த்துவதே தவறு என்று சிலர் எழுதுகிறார்கள். அதையும் ஏற்க முடியவில்லை. சில நேரங்களில் அரசின் சொந்த வழக்கறிஞரே அந்த நிலைப்பாட்டுக்கு வாதாட மறுத்துவிடுவார். அமெரிக்காவில் திருமணத்தை ஆண், பெண் இருவருக்கு இடையிலானது என்று வரையறுத்த கூட்டாட்சிச் சட்டத்துக்கு ஆதரவாக இனி வாதாடப் போவதில்லை என்று 2011 பிப்ரவரியில் ஒபாமா அரசு அறிவித்தது. அதன் பிறகு பிரதிநிதிகள் சபையின் தலைமை வெளி வழக்கறிஞரான பால் கிளெமென்டை அமர்த்தியது. ஐந்து லட்சம் டாலர் என்று தொடங்கிய அவருடைய கட்டண உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து முப்பது லட்சத்தை நெருங்கியது. சபையின் சிறுபான்மைக் கட்சியினர் ஒவ்வொரு உயர்வின்போதும் எதிர்த்தார்கள். சபாநாயகர் ஜான் போனரோ, வேலையைச் செய்ய மறுத்த நீதி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டிலிருந்து இந்தப் பணத்தை எடுக்க வேண்டும் என்றார். 2013 ஜூனில் வின்ட்சர் வழக்கில் அந்தச் சட்டத்தின் வரையறை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தோற்ற வழக்குக்கு இவ்வளவா என்று கேட்கலாம், ஆனால் உச்சவரம்பு எழுத்தில் இருந்ததால் சண்டை சபைக்குள் நடந்ததே தவிர வழக்கறிஞருக்கும் அரசுக்கும் இடையே நடக்கவில்லை.

வெற்றியில் பங்கு என்ற ஏற்பாட்டில்தான் தொகைகள் தலைசுற்ற வைக்கின்றன. இந்தியாவில் வழக்கறிஞர் மன்ற விதிகள் அதைத் தடை செய்திருப்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் புகையிலை நிறுவனங்களுக்கு எதிரான வழக்கை, கிடைப்பதில் 25 சதவீதம் என்று பேசி தனியார் வழக்கறிஞர் பீட்டர் ஏஞ்சலோஸிடம் ஒப்படைத்தது. வழக்கு நடக்கும்போதே மாநிலச் சட்டமன்றம் அதைப் பாதியாகக் குறைத்தது. நாடு தழுவிய சமரசத்தில் மேரிலாந்தின் பங்கு நானூறு கோடி டாலருக்கு மேல் என்று ஆனதும், அவர் நூறு கோடிக்கு மேல் கேட்டார். இழுபறிக்குப் பிறகு 2002-இல் 15 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார். லூசியானாவில் கதை வேறு: அங்கே மாநிலத் தலைமை வழக்கறிஞர் தாமாகவே இப்படிப் பங்கு பேசித் தனியார் வழக்கறிஞர்களை அமர்த்தியதை, சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது என்று 1997-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. மாநிலத்துக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே இன்னொருவருக்குத் தருவது செலவு செய்வதுதான், செலவுக்கு அனுமதி தருவது சட்டமன்றத்தின் வேலை என்ற அந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

பணம் வராத வழக்கறிஞர் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில், செய்யக் கூடாதது: வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைத்துக்கொள்வது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர் கட்டணப் பாக்கிக்காகக் கோப்புகளைத் தர மறுத்த விவகாரத்தில், வழக்கறிஞருக்கு அப்படிப்பட்ட பிடிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஆர். டி. சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை ஒழுங்கீனமாகவும் கருதியது. அமர்த்திய அதிகாரியின் சொந்தச் சொத்தின்மீது போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி குறுகல்: அரசுக்காகச் செய்த ஒப்பந்தத்துக்கு அதிகாரி தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்று 299-ஆவது பிரிவே சொல்கிறது.

மீதி இருப்பது உரிமையியல் வழக்கு, அதற்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பின்னேற்பு வரும், அடுத்த நிதியாண்டில் ஒதுக்கீடு வரும் என்று காத்திருக்கும்போதே அந்த மூன்று ஆண்டுகள் கரைந்துவிடும். ‘தங்கள் பட்டியல் பரிசீலனையில் உள்ளது’ என்று வரும் கடிதத்தைக் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. பரிசீலிக்கிறோம் என்பது தர வேண்டியிருக்கிறது என்பதாகாது. பாக்கி உள்ளது என்று அதிகாரம் பெற்ற ஒருவர் காலவரம்புக்குள் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக ஓடத் தொடங்கும்.