வேலூரில் இருந்துகொண்டு தத்ரூப ஓவியம் வரைகிறவர்கள், நடுவர் குழு தேர்வு செய்யும் கண்காட்சிக்குப் படம் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் படத்தைப் போட்டோ எடுத்தீர்களே, அதை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். முதல் முறை நான் கோட்டை விட்டது படத்தில் இல்லை, போட்டோவில்.

சத்துவாச்சாரியில் இருக்கிறேன், எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைகிறேன், கல்லூரியில் படிக்கவில்லை, "இது போட்டோ மாதிரி இருக்கிறதே" என்று தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, இதுதானே உங்கள் கேள்வி? அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை. இருபது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் வார்த்தை அது.

என்னைப் பற்றி இரண்டு வரி. குடியாத்தம் பக்கம். லோயர், ஹையர் கிரேடு டிராயிங் தேர்வு எழுதி, டீச்சர் டிரெய்னிங் முடித்து, ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருக்கிறேன். கவின்கலைக் கல்லூரி வாசலை மிதித்தது கண்காட்சி பார்க்கத்தான்.

நான் அனுப்பிய படத்தில் இருந்தது என் அம்மாவின் இரண்டு கைகள் மட்டும். மடியில் முறம், முறத்தில் பீடித் தூள், இலை வெட்டும் தகரத் தகடு, கத்தரி, நூல்கண்டு. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்த முறம் இருக்கும். அம்மா நாற்பது வருடமாகச் சுற்றுகிறாள். திண்ணையில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் எனக்கு வேண்டிய வெளிச்சம் விழும். பதினோரு ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே உட்கார வைத்தேன். "இன்னாடா, கையை மட்டும் வரஞ்சா இது யாரு கைன்னு எவனுக்குத் தெரியும்? எவ்ளோ நேரம் இப்டியே குந்திகினு இருக்கறது?" என்பாள். ஆனால் அடுத்த ஞாயிறு அவளே முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

மூன்றாவது ஞாயிறுதான் கவனித்தேன். அவள் வலது கட்டை விரல் நுனியில் ரேகையே இல்லை. இலையை உருட்டி உருட்டி, தேய்ந்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் வெளிச்சம் மற்ற விரல்களில் விழுவது போல உடைந்து விழாமல் ஒரே பட்டையாக விழுகிறது. மொபைலில் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் அது தெரியவே இல்லை. எதிரில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

விரல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த பிறகு அம்மாவுக்குப் பாதி நாள் ரேகை விழுவதில்லை. "கையைத் துடைச்சிட்டு வைம்மா, எண்ணெய் தடவிட்டு வைம்மா, நாளைக்கு வாம்மா" என்று அலைக்கழித்தார்கள். வேலை செய்தே ரேகையைத் தேய்த்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர்! அரிசி வாங்க நின்று, நீ நீதானா என்று கேட்கப்பட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேறு வழி உண்டு, கண்ணைக் காட்டலாம், போனுக்கு எண் வரும் என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். வரிசையில் நிற்கிற அறுபத்தைந்து வயதுக்காரிக்கு அதை யார் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படம் 45 × 60 செ.மீ. (உயரம் முதலில், அகலம் அப்புறம். விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.) வரைந்து முடித்த சந்தோஷத்தில் அன்று ராத்திரியே கூடத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரில் சாய்த்து, மொபைலில் எடுத்து, பிரேமோடு சேர்த்து அனுப்பினேன். தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆறு மாதம் பொருமிக்கொண்டிருந்தேன். நம்மூர்க்காரனை எடுக்க மாட்டார்கள், கல்லூரிப் பெயர் இருந்தால்தான் எடுப்பார்கள் என்றெல்லாம் பேசினேன். அம்மாதான் கேட்டாள், "கழிச்சிட்டானா? எங்க பீடி செக்கர் ஆயிரத்துக்கு அம்பது பீடி சரியில்லன்னு கழிப்பான். அதுக்குன்னு முறத்தைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். "மாஸ்டர், இதுல கையைவிட டியூப் லைட்டுதான் நல்லா தெரியுது" என்றார். உண்மைதான். மணிக்கட்டின் மேல் வெள்ளையாக ஒரு கோடு. சாய்த்து வைத்ததால் மேல்பக்கம் குறுகி, கீழ்ப்பக்கம் அகன்று இருந்தது. பின்னணியில் நான் பூசிய பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறம் எண்ணெயை இழுத்துக்கொண்டு மங்கலாகக் காய்ந்திருந்தது, பக்கத்திலேயே வேறு நிறங்கள் பளபளத்தன. நேரில் பார்த்தால் கண் அதைச் சரிசெய்துகொள்ளும். கேமராவில் சாம்பல் அப்பிய மாதிரி திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. நடுவர் திரையில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவில் என் படம் உள்ளங்கை அளவில் வந்து போயிருக்கும். நானாக இருந்தாலும் தள்ளித்தான் இருப்பேன்.

அவர் சொன்னபடி செய்தோம். மங்கிய இடங்களில், நிறத்தைத் தெளிய வைக்கும் ரீடச்சிங் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு. பிரேமைக் கழற்றிவிட்டோம். காலை வேளையில் மாடியில், வெயில் நேராகப் படாத சுவர் ஓரம் படத்தை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் படத்தின் நடுப்புள்ளி உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டை நிறுத்தினார். கிட்டே போய் எடுத்தால் ஓரம் வளையும் என்று தள்ளி நின்று ஜூம் செய்தார். நிழல் வெளிச்சம் நீலம் தட்டும், அதனால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நிறத்தைச் சரி பார்த்தார். அப்புறம் கேன்வாஸ் ஓரத்தோடு வெட்டினார், அவ்வளவுதான். பில்டர் கிடையாது. மொபைல் தானாகவே முகத்தையும் தோலையும் வழவழப்பாக்கும், அதை அணைத்துவிட்டு எடுங்கள். கஷ்டப்பட்டு வைத்த தூரிகைத் தடத்தை அது தின்றுவிடும்.

அடுத்த வருடம் அதே படம், இந்தப் போட்டோ, சென்னையில் வேறொரு கண்காட்சி. தேர்வானது. (பெயர் சொல்லவில்லை, விளம்பரம் என்பார்கள்.) பழைய படத்தை ஏற்பார்களா, எத்தனை வருடத்துக்குள் வரைந்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், விதிமுறையில் பாருங்கள். முதல் சுற்று போட்டோ, இரண்டாம் சுற்று அசல் படம் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை, லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் உருவப்படப் போட்டி உட்பட. 1999-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஆர்ட் ரினியூவல் சென்டர் தத்ரூப ஓவியங்களுக்கென்றே சலோன் என்ற போட்டி நடத்துகிறது. ஆன்லைனில்தான் விண்ணப்பம், படத்துக்கு இவ்வளவு டாலர் என்று கட்டணம். நம் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஐந்து படத்தைச் சுமாராக அனுப்புவதைவிட ஒன்றைச் சரியாக அனுப்புங்கள்.

"போட்டோ மாதிரி" விஷயம். லண்டன் போட்டியில், ஆளை எதிரில் உட்கார வைத்துப் பார்த்ததன் அடிப்படையில்தான் ஓவியம் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். போட்டோ பார்த்து வரைவது பாவம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஸ்கூல் ஆண்டு விழாவுக்குத் தலைவர்கள் படத்தை நானும் அப்படித்தான் வரைகிறேன். 2021-ல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர் இளையராஜாவின் (இசையமைப்பாளர் இல்லை) படங்களைப் பார்த்து "அப்படியே போட்டோ" என்றுதான் ஊரே சொன்னது. அவர் வரைந்த பெண்களின் தோலில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பல வருடம் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். 1873-ல் மெட்ராஸ் கண்காட்சியில் ரவி வர்மா தங்கப் பதக்கம் வாங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்குப் பக்கம், எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. 1855-ல் பாரிஸ் கண்காட்சி நடுவர்கள் பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் பெரிய படங்களைத் தள்ளினார்கள். அவர் பக்கத்திலேயே சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, ரியலிசம் என்று பெயர் வைத்து, தானே கண்காட்சி நடத்தினார். நவீன ஓவியம் மட்டம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தத்ரூபம் என்றாலே காப்பி அடிப்பது என்று பேசுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது பேக்கிங். இதில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது. தேர்வான சந்தோஷத்தில், கொண்டுபோவதற்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் கடைசியில், டாமர் என்ற மரப்பிசின் வார்னிஷைக் கனமாக அடித்தேன். எண்ணெய் வண்ணத்துக்கு ஆறு மாதமாவது விட்டு வார்னிஷ் அடிக்க வேண்டும், அது ஆகியிருந்தது. ஆனால் வார்னிஷே வேலூர் வெயிலில் இளகும் என்று யோசிக்கவில்லை. குமிழ் உறையை, குமிழ் படத்தைத் தொடுகிற மாதிரி சுற்றி, காட்பாடியில் ரயில் ஏறினேன். சென்னையில் பிரிக்கும்போது பர்ரென்று ஒரு சத்தம். வலது மேல் மூலையில், கரும்பழுப்புப் பின்னணியில், வரிசை வரிசையாகக் குமிழ் பதிந்த வட்டம். கை மேல் படவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன். அங்கே ஒன்றும் செய்ய முடியாது, அப்படியேதான் மாட்டினார்கள். நேராக நின்றால் தெரியாது, பக்கவாட்டில் நின்றால் தெரியும். ஏழு நாளும் பக்கவாட்டில் யார் நின்றாலும் எனக்குத் திக்கென்றது. ஊருக்குக் கொண்டுவந்து, டர்பன்டைனில் அந்த வார்னிஷை எடுத்துவிட்டு மழைக்காலம் முடிந்து மறுபடி அடித்தேன். படத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், அப்புறம் அட்டை, அதற்கு மேல்தான் குமிழ் உறை, அதுவும் குமிழ் வெளிப்பக்கம்.

கடைசி நாள் அம்மாவைத் தங்கச்சி அழைத்து வந்தாள். வட்டத்தையெல்லாம் அவள் கவனிக்கவே இல்லை. படத்துக்குக் கிட்டே போய், பாதி கட்டிய பீடியைக் காட்டி, "நூலு இன்னும் ஒரு சுத்து வரணும்டா, இப்டி வுட்டா செக்கர் கழிச்சிடுவான்" என்றாள். பதினோரு வாரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தும் நான் அந்தச் சுற்றை எண்ணவில்லை. ஊருக்கு வந்ததும், வார்னிஷை எடுத்த கையோடு அந்த ஒரு சுற்றைப் போட்டுவிட்டேன்.

கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் இருந்தால்கூடப் போதும். நாளைக் காலை ஏழரை மணிக்குப் படத்தை மாடிக்குத் தூக்கிப் போய் மறுபடி ஒரு போட்டோ எடுங்கள்.